அறிகை விஞ்ஞானத்தைத் துணைப்பாடமாகப் படிப்பது எப்படி?

மண்டூர் எங்கே இருக்கிறது என்று மட்டக்களப்பில் கேட்டால் "படுவான்கரையில" என்பார்கள். களுவாஞ்சிகுடி எழுவான்கரையில். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் கரை, மேற்கே அது படும் கரை. சொல்பவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் இந்தப் பெயர்கள் மாறுவதில்லை. வலப்பக்கம், இடப்பக்கம் என்ற சொற்களின் கதை வேறு. ஆள் திரும்பினால் அவையும் கூடவே திரும்பிவிடும்.

இதிலிருந்து ஒரு கேள்வி கிளம்புகிறது. திசையை ஊரோடு கட்டிப் பேசுகிறவரின் மனதிலும் அது அப்படித்தான் கட்டிக் கிடக்கிறதா? அல்லது பேச்சு ஒரு வழி, நினைப்பு இன்னொரு வழியா? சொற்களை ஆராய்கிறவர் பேச்சைப் பற்றிச் சொல்லலாம், மனதைப் பற்றிச் சொல்ல அவரிடம் கருவி இல்லை. பரிசோதனை செய்கிறவரிடம் கருவி உண்டு, ஆனால் படுவான்கரை என்ற சொல்லின் வழக்கு அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இப்படித் தனியொரு துறையின் கைக்கு அடங்காத கேள்விகளுக்காகக் கூடியதுதான் அறிகை விஞ்ஞானம் (cognitive science).

அறிகை என்பது காண்பது, கேட்பது, கவனிப்பது, ஞாபகத்தில் வைப்பது, பேசுவது, காரணம் காண்பது, முடிவெடுப்பது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். இலங்கையில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு "அறிகை விருத்தி" என்ற தொடர் பழகியதே. இந்தத் துறையின் அடிப்படை எடுகோள் ஒன்றுதான்: மனம் தகவலை ஏதோ ஒரு வடிவத்தில் பதித்து வைக்கிறது, அந்தப் பதிவின் மேல் சில செயல்களைச் செய்கிறது. என்ன வடிவம், என்ன செயல் என்று கண்டுபிடிப்பதே வேலை.

வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. 1956 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு கருத்தரங்கைத் தொடக்கப் புள்ளியாகச் சொல்வது வழக்கம். ஜோர்ஜ் மில்லர் குறுகியகால ஞாபகத்தைப் பற்றியும், நோம் சொம்ஸ்கி இலக்கணத்தைப் பற்றியும், நியூவெல்லும் சைமனும் தர்க்கத் தேற்றங்களை நிறுவும் கணினி நிரலைப் பற்றியும் ஒரே மேடையில் பேசினார்கள். 1977இல் துறைக்கென ஓர் ஆய்விதழும் 1979இல் ஒரு சங்கமும் வந்தன. உளவியல், மெய்யியல், மொழியியல், கணினி விஞ்ஞானம், நரம்பு விஞ்ஞானம், மானிடவியல் என்ற ஆறையும் ஓர் அறுகோணத்தின் மூலைகளில் வைத்து வரைந்த படம் 1978 காலத்தது. இன்றும் முதல் விரிவுரையில் அந்தப் படம் திரையில் வரும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நம் பக்கத்தில், அதுவும் போருக்கும் சுனாமிக்கும் பிறகு, உளவியல் என்றதுமே உளவளத்துணைதான் நினைவுக்கு வரும். அறிகை விஞ்ஞானம் படித்தால் ஆலோசனை சொல்லும் தகுதி கிடைக்காது. அந்த எண்ணத்தோடு சேருபவர்கள் மூன்றாவது கிழமையே, புள்ளிவிபரவியலைக் கண்டதும், சோர்ந்துபோகிறார்கள்.

ஒரே கேள்வி, ஆறு கைகள்

துணைப்பாடமாகப் படிப்பவர் செய்யும் முதல் பிழை, ஆறு துறையிலும் ஒவ்வொரு வாய் கடித்துப் பார்ப்பது. கடைசியில் எதுவும் வயிற்றில் தங்காது. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துறையும் அதை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. திசைக் கேள்வியையே எடுப்போம்.

மொழியியல் முதலில் சொற்களைப் பிரித்து அடுக்கும். ஆளின் உடம்பை அச்சாகக் கொண்டவை ஒரு வகை: இடம், வலம், முன், பின். நிலத்தையோ வானத்தையோ அச்சாகக் கொண்டவை இன்னொரு வகை: எழுவான், படுவான், கடல்பக்கம், வாவிப்பக்கம். கிழக்கு என்ற சொல்லுக்குக் கீழ் என்பதும், மேற்கு என்ற சொல்லுக்கு மேல் என்பதும் வேர் என்பது பொதுவான விளக்கம். நிலத்தின் சரிவே திசைப்பெயராக உறைந்துவிட்டது. மேற்கே உயர்ந்து கிழக்கே கடலில் இறங்கும் நம் நிலத்துக்கும் அது பொருந்தித்தான் வருகிறது.

மானிடவியல், இந்தச் சொற்களை யார், எப்போது, யாரிடம் பயன்படுத்துகிறார்கள் என்று போய்ப் பார்க்கும். குருமண்வெளித் துறையில் நின்று மண்டூருக்கு வழி கேட்பவருக்குச் சொல்லப்படும் விடையும், நகரத்தில் கடைக்கு வழி கேட்பவருக்குச் சொல்லப்படும் விடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கேள்விக்கொத்துக் கொடுத்தால் ஆட்கள் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அதனால் கேட்பதை விட ஒதுங்கி நின்று குறிப்பெடுப்பது நல்லது.

மெய்யியலுக்கு இது பழைய விடயம். இடக்கையும் வலக்கையும் அளவிலும் உறுப்புகளின் ஒழுங்கிலும் ஒத்திருக்கின்றன, ஆனாலும் இடக்கை உறைக்குள் வலக்கை பொருந்தாது. அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்று இம்மானுவேல் காண்ட் 1768இல் எழுதிய கட்டுரை இன்றும் வாசிக்கப்படுகிறது.

நரம்பு விஞ்ஞானம் எலியின் மூளைக்குள் மின்வாய் வைத்துப் பார்த்தது. ஹிப்போகம்பஸ் என்ற பகுதியில், எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் கலங்கள் இருப்பதை ஜோன் ஓகீஃப் 1971இல் வெளியிட்டார். 2005இல் மோசர் தம்பதியின் ஆய்வுகூடம், இடத்தை முக்கோணக் கட்டங்களாக அளந்துகொள்ளும் கலங்களைப் பற்றி எழுதியது. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. தலை எந்தத் திசையை நோக்குகிறதோ அதற்கேற்பத் துடிக்கும் கலங்களும் தனியே உண்டு. ஆக, மூளைக்குள் இடத்தையும் திசையையும் பதிக்கும் பொறிமுறை பேச்சு வருவதற்கு முன்பே இருக்கிறது. எலிக்குத் தமிழ் தெரியாது.

கணினி விஞ்ஞானத்தின் பங்கைக் கணக்காகவே காட்டலாம். வடக்கு 0 பாகை, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்று வைப்போம். நீங்கள் கடலைப் பார்த்து, அதாவது கிழக்கைப் பார்த்து நிற்கிறீர்கள். பொருள் தெற்கில் இருக்கிறது. பொருளின் திசையிலிருந்து உங்கள் முகத்தின் திசையைக் கழியுங்கள்: 180 − 90 = 90. நேர்ப் பெறுமானம் என்றால் வலப்பக்கம். இப்போது வாவியைப் பார்த்து மேற்கே திரும்புங்கள்: 180 − 270 = −90. மறைப் பெறுமானம், ஆகவே இடப்பக்கம். பொருள் அசையவில்லை, பக்கம் மாறிவிட்டது. ரோபோவும் கைபேசி வரைபடமும் இந்தக் கழித்தலைத்தான் ஓயாமல் செய்கின்றன. வரைபடத்தில் வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி வைப்பதற்கும், நீங்கள் போகும் பக்கம் மேலே வரும்படி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உளவியலை ஏன் கடைசிக்கு விட்டோம் என்றால், பரிசோதனை அங்கேதான் நடக்கிறது. அதை நெருங்கிப் பார்ப்பது நல்லது.

மேசை இரண்டு, பொம்மை மூன்று

தேவையானவை: ஒரே மாதிரியான இரண்டு மேசைகள், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தலையும் வாலும் தெளிவாகத் தெரியும் மூன்று விலங்குப் பொம்மைகள் (மாடு, யானை, நாய் போதும்), ஒரு பதிவுத்தாள். மேசைகளை எதிரெதிரே மூன்று நான்கு அடி இடைவெளியில் வைத்து, பங்குபற்றுபவரை நடுவில் நிறுத்துங்கள்.

முதல் மேசை கிழக்கே. மூன்று பொம்மைகளும் ஒரே வரிசையில், எல்லாத் தலைகளும் தெற்கு நோக்கி. அவருக்கு அது வலப்பக்கம். "இதை நல்லாப் பார்த்து ஞாபகம் வைங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பொம்மைகளை எடுத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். பிறகு அவரை மேற்கே உள்ள இரண்டாவது மேசைக்குத் திருப்பி, பொம்மைகளைக் கையில் கொடுத்து, "இருந்த மாதிரியே வைங்க" என்று சொல்லுங்கள்.

தலைகளை மீண்டும் வலப்பக்கமாக வைத்தால், அது இப்போது வடக்கு. அவர் தன் உடம்பை அச்சாக வைத்து ஞாபகம் கொண்டிருக்கிறார். தெற்கு நோக்கியே வைத்தால், அது இப்போது அவருக்கு இடப்பக்கம். ஊரை அச்சாக வைத்திருக்கிறார். இரண்டுமே சரியான விடை. பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யாராவது ஒருவர் "ஐயோ பிழையா வைக்கிறார்" என்று முணுமுணுப்பார், அவரை முதலில் வெளியே அனுப்புங்கள்.

இந்தப் பரிசோதனை வகையை 1990களில் ஸ்டீபன் லெவின்சனின் குழுவினர் பல மொழிச் சமூகங்களில் செய்தார்கள். எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் தமிழரிடமே செய்தார். திசைப்பெயரால் பேசும் நாட்டுப்புறத்தாரிடமும், இடம் வலம் என்று பேசும் நகரத்தாரிடமும், பேச்சின் சாய்வுக்கு ஏற்ற சாய்வு பொம்மை வைப்பதிலும் தெரிந்தது. ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு வழக்கு என்பதுதான் அதில் சுவையான பகுதி. ஆனால் அங்கே கண்டதை அப்படியே தூக்கி வந்து படுவான்கரையில் வைக்க முடியாது. இங்கே வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். மறுபடி செய்துதான் பார்க்க வேண்டும்.

மறுப்பும் வந்தது. 2002இல் லியும் கிளைட்மனும் அமெரிக்க மாணவர்களிடமே இதைச் செய்து, அறையில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை மாற்றினால் விடையும் மாறுவதாகக் காட்டினார்கள். மொழி காரணமா, சுற்றுப்புறம் காரணமா என்ற வழக்கு அங்கே சூடுபிடித்தது. லெவின்சன் குழு பதில் எழுதியது. துணைப்பாட மாணவர் இந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். ஒரு பாடப்புத்தகத்தின் பத்து அத்தியாயங்களை விட இந்தச் சண்டை கூடுதலாகக் கற்றுத்தரும்.

பரிசோதனை எங்கெங்கே பழுதாகும்? மேசைகள் ஒரே பக்கத்தில் இருந்தால் இரண்டு வகை விடையும் ஒன்றாகிவிடும், ஆள் 180 பாகை திரும்பியே ஆகவேண்டும். யன்னலுக்கு வெளியே வாவி தெரிந்தால் அதுவே துப்பாகும், ஆகவே யன்னலைச் சாத்துங்கள், அல்லது சாத்தியும் திறந்தும் இரண்டு முறை செய்து ஒப்பிடுங்கள். அறிவுறுத்தலில் "பக்கம்" என்ற சொல் தப்பித்தவறி வந்துவிட்டால் அந்தத் தரவு வீண். எல்லாத் தடவையும் தெற்கையே நோக்கி வைத்தால், எப்போதும் வலப்பக்கம் வைக்கும் பழக்கத்தையும் ஞாபகத்தையும் பிரித்தறிய முடியாது. தெற்கும் வடக்கும் கலந்து வரவேண்டும், வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒருவருக்கு ஐந்து தடவை கொடுக்கிறீர்கள், நான்கு அல்லது ஐந்து தடவை ஊரை அச்சாக வைத்தால் அவரைத் திசைக்காரர் என்று குறிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் சுண்டிப் பார்த்து வைப்பவருக்கு இது எத்தனை வாய்ப்பில் நடக்கும்? ஐந்து சுண்டலில் 32 விதமான வரிசைகள் வரலாம். ஐந்தும் ஊரை அச்சாகக் கொண்டு வர ஒரு வழி, நான்கு மட்டும் அப்படி வர ஐந்து வழி. 32க்கு 6, ஏறக்குறைய 19 வீதம். அதாவது ஒன்றும் நினையாமல் கைக்கு வந்தபடி வைப்பவர்கள் ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவர் திசைக்காரராகத் தெரிவார். பத்து நண்பர்களிடம் செய்துவிட்டு முடிவு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான காரணம் கிடையாது. அந்தப் பத்துப் பேரும் கம்பஸ் நண்பர்கள் என்றால் இன்னும் மோசம். எல்லோருக்கும் ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே வயது. படுவான்கரையில் வயல் செய்பவரையும் நகரத்து மாணவரையும் ஒப்பிட்டாலோ, வேறுபாடு மொழியால் வந்ததா, படிப்பால் வந்ததா, வயதால் வந்ததா என்று சொல்ல முடியாது. வயதையும் படிப்பையும் சமப்படுத்தி ஆட்களைத் தெரிவு செய்வதில்தான் பாதி உழைப்பு போகும்.

பாடங்களைச் சேர்ப்பது

துணைப்பாடம் என்ற ஒழுங்கு பெரும்பாலும் அமெரிக்க முறையில் இருந்து வந்தது. ஒரு முதன்மைப் பாடம், அதன் பக்கத்தில் ஐந்து அல்லது ஆறு அலகுகள் கொண்ட இன்னொரு பாடம். அறிகை விஞ்ஞானத்தில் அந்த ஆறு அலகுகள் ஏறக்குறைய இப்படி அமையும்: ஓர் அறிமுக அலகு, ஒரு புள்ளிவிபரவியல் அல்லது ஆய்வுமுறை அலகு, உங்கள் முதன்மைத் துறைக்கு வெளியே உள்ள இரண்டு துறைகளில் ஒவ்வொன்று, ஓர் உயர்நிலைத் தெரிவு அலகு, கடைசியில் ஒரு சிறு ஆய்வு.

வந்தாறுமூலையிலோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) பீடக் கைநூலைத் திறந்து அறிகை விஞ்ஞானம் என்ற தலைப்பை மட்டும் தேடாதீர்கள். அலகுகளின் பெயரைத் தேடுங்கள்: உளவியல் அறிமுகம், தர்க்கவியல், மொழியியல், நிரலாக்கம், புள்ளிவிபரவியல், மானிடவியல், ஆய்வு முறையியல். அவை சமூகவியல், மெய்யியல், கல்வி, தமிழ், கணினி எனச் சிதறிக் கிடக்கும். பாடநெறிக் குறியீடு, கிரெடிட் எண்ணிக்கை, முன்தேவை, எந்த செமஸ்டர் என்ற நான்கையும் ஒரு தாளில் நிரலாக எழுதுங்கள். நான்காவது நிரல்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் அலகைத் தவறவிட்டால் அடுத்த சந்தர்ப்பம் அடுத்த வருடம்.

நேரத்தைக் கணக்குப் பாருங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேர உழைப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று கிரெடிட் அலகு ஒன்றுக்கு 150 மணி. அதில் 45 மணி விரிவுரை என்றால் மீதி 105 மணி உங்கள் தலையில். 15 கிழமை செமஸ்டரில் கிழமைக்கு மூன்று மணி வகுப்பு, ஏழு மணி சொந்த வேலை. ஆறு அலகுகள் சேர்ந்தால் 18 கிரெடிட், 900 மணி. மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இது விளையாட்டான பாரம் இல்லை.

பீடம் தாண்டி அலகு எடுக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்துத் துறைத்தலைவர்களிடமும் பேச வேண்டும், பீடாதிபதியின் அனுமதியும் தேவைப்படலாம். பதிவுக் காலம் முடிந்த பிறகு போய்க் கெஞ்சுவதில் பயனில்லை. இட வசதியையும் பாருங்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப் பக்கம் ஒலுவிலில், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். காலையில் ஓரிடத்தில் வகுப்பு, பத்து மணிக்கு மற்ற இடத்தில் வகுப்பு என்றால் பஸ்ஸே உங்கள் துணைப்பாடமாகிவிடும். கிரெடிட் கிடைக்காது என்றால், விரிவுரையாளரிடம் கேட்டு வகுப்பில் இருந்து கேட்க மட்டும் அனுமதி பெறலாம். பெறுபேற்றுத் தாளில் அது வராது. ஆகவே கடைசி ஆய்வையாவது உங்கள் முதன்மைத் துறையின் ஆய்வுக் கட்டுரையாகவே செய்துவிடுங்கள், அது தாளில் வரும்.

எந்தத் துறையில் இருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து முட்டும் இடமும் மாறும். தமிழ், மொழியியல் பக்கத்தில் இருந்து வருபவருக்குப் புள்ளிவிபரவியல் பயம். உண்மையில் தொடக்கத்துக்குத் தேவைப்படுவது சராசரி, நியம விலகல், நிகழ்தகவு, இரண்டு குழுக்களை ஒப்பிடுதல், மேலே நாணயத்தில் பார்த்தது போன்ற ஈருறுப்புக் கணக்கு, அவ்வளவுதான். உயர்தரத்தில் கணிதம் படிக்காதவரும் ஒரு செமஸ்டரில் பிடிக்கலாம். கணக்கை ஆர் (R) அல்லது ஜமோவி (jamovi) என்ற மென்பொருள் செய்யும், இரண்டும் இலவசம். கணினிப் பக்கத்தில் இருந்து வருபவருக்கு எதிர்மாறான நோய்: நிரல் ஓடினால் விளக்கம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது. அவருக்கு, பார்வையை ஆராய்ந்த டேவிட் மார் 1982இல் வெளிவந்த நூலில் பிரித்துக் காட்டிய மூன்று நிலைகள் மருந்து. என்ன கணிக்கப்படுகிறது, எந்தப் படிமுறையால், எந்த உடற்பொருளில்? நம் எடுத்துக்காட்டில், வரிசையின் திசையைக் காப்பது முதல் நிலை. உடம்பை அச்சாக்குவதா ஊரை அச்சாக்குவதா என்பது இரண்டாவது. ஹிப்போகம்பஸ் கலங்கள் மூன்றாவது. மேசைப் பரிசோதனை இரண்டாவது நிலையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதை வைத்து மூளையைப் பற்றி எழுதினால் பரீட்சகர் சிவப்புப் பேனாவை எடுப்பார், எடுக்கவும் வேண்டும்.

தமிழில் சொற்களைக் கொண்டு பரிசோதனை செய்பவருக்கு ஒரு தனிப் பொறி இருக்கிறது. ஒரே நீளமுள்ள சொற்களைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது விதி. நீளத்தைக் கணினியிடம் கேட்டால் பிழைக்கும். "மட்டக்களப்பு" நமக்கு எட்டு எழுத்து. பைதன் நிரலில் சாதாரணமாக எண்ணினால் 12 வரும், ஏனென்றால் யுனிகோட்டில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. எழுத்தாக எண்ணுங்கள். விடையளிக்கும் வேகத்தை மில்லி செக்கனில் அளக்க வேண்டுமென்றால் கூகுள் படிவம் உதவாது, சைக்கோபை போன்ற இலவச மென்பொருள் வேண்டும். எல்லோருக்கும் ஒரே மடிக்கணினியைப் பயன்படுத்துங்கள்.

கலைச்சொல் இன்னொரு சில்லறைத் தொல்லை. நாம் கலம் என்பதைத் தமிழ்நாட்டில் செல் என்பார்கள், நம் மெய்யியல் அங்கே தத்துவம், நம் அறிகை அங்கே அறிதிறன் அல்லது அறிவாற்றல். தமிழில் தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அதை ஒளிக்க முடியாது. கிழமைக்கு ஒரு கட்டுரை போதும். முதல் வாசிப்பில் முறை பற்றிய பகுதியை மட்டும் படித்து, அந்தப் பரிசோதனையை மேசையில் நீங்களே அமைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் விளங்கவில்லை.

கடைசி ஆய்வுக்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரிடமும் தரவு எடுக்கக்கூடாது. விண்ணப்பத்தில் பங்குபற்றுபவருக்கு வாசித்துக் காட்டும் சம்மதப் படிவம், பெயருக்குப் பதிலாக இலக்கம் கொடுக்கும் முறை, நடுவில் விலகும் உரிமை எல்லாம் இருக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதமும் அதிபரின் அனுமதியும் தனித்தனியே. குழு கூடும் திகதிக்காகக் காத்திருக்க நேரும், திருத்தம் கேட்டால் இன்னொரு கூட்டம் வரை போகும். அதனால் விண்ணப்பத்தை ஆய்வு செமஸ்டருக்கு முந்திய செமஸ்டரிலேயே கொடுத்துவிடுங்கள். பதிவுத்தாளின் மாதிரி ஒன்றையும் அதோடு இணையுங்கள்: இலக்கம், வயது, கரை, யன்னல் திறந்ததா சாத்தியதா, ஐந்து தடவைக்கு ஐந்து கட்டம்.